கேட்க லைசென்ஸ், பேச இலவசம்

அந்தக் காலத்தில் அப்பா வருடம் தவறாமல் தபால் ஆபீஸுக்குப் போய் 15 ரூபாய் கட்டி, ரேடியோ லைசென்ஸ் புத்தகத்தைப் புதுப்பித்துக்கொண்டு வருவார். பேசுவதற்கு அல்ல, வெறுமனே கேட்பதற்கு! இலங்கை வானொலியின் பாட்டு கடல் தாண்டிச் சும்மாதான் வந்தது. ஆனால் அதைப் பிடிக்கிற பெட்டியை வீட்டில் வைத்திருக்க, 1933ஆம் வருடச் சட்டப்படி சர்க்கார் அனுமதி வேண்டும். இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று புரளி கிளம்பினால் பாதித் தெருவில் ரேடியோக்கள் ஊமையாகிவிடும். அப்பா மட்டும் வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டி வைப்பார். கட்டின காசுக்கு அந்தத் திமிராவது வேண்டாமா? எண்பதுகளில் அந்த லைசென்ஸையே எடுத்துவிட்டார்கள்.

இன்று என் வீட்டில் வெறுமனே கேட்கிற பெட்டி ஒன்றுகூட இல்லை. வைஃபை, இயர்போன், கைக்கடிகாரம், டிவி என்று எல்லாமே ஒலிபரப்பு நிலையங்கள். ஒன்றுக்கும் நான் லைசென்ஸ் வாங்கவில்லை. இவை பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைப்பட்டையை 2005இல் இந்தியாவில் பொதுவில் திறந்துவிட்டார்கள். பெரிய தாராளம் என்று நினைக்க வேண்டாம். தகவல் அனுப்பாமல் சூடு பண்ணுகிற இயந்திரங்களுக்கென்று 1947லேயே ஒதுக்கிவிட்ட இடம் அது. மைக்ரோவேவ் ஓவன் இரைவதும் அங்கேதான்.

அந்த நெரிசலில்தான் இவ்வளவு பண்பு! எங்கள் அடுக்ககத்தில் கார் நிறுத்தும் இடத்துக்கு மனிதர்கள் போடும் சண்டையைப் பார்த்தவன் என்பதால் எனக்கு இது அதிசயம். வைஃபை பேசுவதற்குமுன் காது கொடுத்துக் கேட்கும். யாராவது பேசினால் நிற்கும். அவர்கள் ஓய்ந்த பிறகும் பாயாது. குத்துமதிப்பாக ஒரு நேரம் எடுத்துக்கொண்டு காத்திருக்கும். அப்படியும் மோதிவிட்டால், அடுத்த முறை காத்திருப்பின் வரம்பை இரட்டிப்பாக்கிக்கொள்ளும். ப்ளூடூத்தின் வழி வேறு. 79 சேனல்களில் நொடிக்கு 1600 தடவை தாவும். வைஃபை உட்கார்ந்திருக்கும் சேனல்களில் கால் வைக்காமல் ஒதுங்கவும் 2003 வாக்கில் கற்றுக்கொண்டது. ஓவன் மட்டும் யாரையும் கேட்காது. சாம்பார் சூடாகும்வரை பேரனின் வீடியோ திணறும்.

செல்போன் வலைக்கு இந்தப் பழக்கமெல்லாம் கிடையாது. கோடிகள் கொட்டி ஏலத்தில் எடுத்த அலைவரிசை அதற்குப் பட்டா நிலம். யாரைக் கேட்டு நடக்க வேண்டும்? 2015 வாக்கில் அது 5 கிகாஹெர்ட்ஸ் பொது இடத்திலும் எல்.டி.இ. என்னும் தன் 4ஜி நுட்பத்தோடு நுழையக் கிளம்பியபோது வைஃபைக்காரர்கள் அலறினார்கள். அடுத்த வருடம் வந்த தரவிதி ஒன்று, 'முதலில் கேள், பிறகு பேசு' என்று அதற்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தது.

அடுத்த வழக்கு 6 கிகாஹெர்ட்ஸில் வந்தது. அமெரிக்கா 2020இல் 1200 மெகாஹெர்ட்ஸை அப்படியே லைசென்ஸ் இல்லாமல் திறந்துவிட்டது. இங்கே செல்போன் கம்பெனிகளோ, ஏலம் விடுங்கள், எடுத்துக்கொள்கிறோம் என்றன. காசு கட்டிவிட்டால் காத்திருக்க வேண்டாமல்லவா!