போர்ட் போகவில்லை

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் தன் கோளாறைத் தானே சொல்லிவிடும். பெட்டிக்குள் சின்ன ஸ்பீக்கர் ஒன்று இருக்கும். ஆளியைப் போட்டதும் ஒரு குறுகிய 'பீப்' கேட்டால் எல்லாம் சுகம். அவார்ட் பயோஸ் உள்ள மதர்போர்ட் ஒரு நீண்ட ஓசையும் இரண்டு குறுகிய ஓசையும் எழுப்பினால் கிராபிக்ஸ் கார்ட் சரியாக உட்காரவில்லை என்று பொருள். நீண்ட ஓசையே விடாமல் கேட்டால் ரேம். 2000ஆம் ஆண்டை ஒட்டி ஹட்டன் பக்கத்தில் கம்ப்யூட்டர் படித்துக்கொடுத்த எங்களுக்கு இவையெல்லாம் மனப்பாடம்.

வேறு வழியும் இல்லை. பழுது பார்க்க ஆள் வேண்டுமென்றால் கண்டிக்கோ கொழும்புக்கோ போக வேண்டும். கூடுதலாக ஒரு 64 எம்பி ரேம் வேண்டுமென்றால், கொழும்பிலிருந்து உடரட்ட மெனிக்கே ரயிலில் யாராவது வரும்வரை காத்திருப்போம். இரண்டாவது ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டிய அன்று இயந்திரம் எழும்பாது. இரண்டு டிஸ்க்கும் 'மாஸ்டர்' என்று ஜம்பர் போட்டபடி ஒரே பட்டை வயரில் தொங்கும். ஒன்றை 'ஸ்லேவ்' ஆக்கினால் போதும். மழைக்காலத்தில் இன்னொரு வேலை சேரும். இலங்கையில் மழை மிகுதியாகக் கொட்டும் இடங்களில் வட்டவளையும் கினிகத்தேனையும் அடக்கம். அந்த ஈரத்தில் ரேமின் தங்கநிறத் தொடுமுனைகள் மங்கிப்போகும். பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் திரும்பப் பூட்டுவோம். வகுப்பே சுற்றி நின்று பார்க்கும். பாடப்புத்தகத்தில் இல்லாத பாடத்தைப் பிள்ளைகள் அப்படித்தான் கற்றார்கள்.

இன்று ஹட்டன் டவுனிலேயே கடைகள் இருக்கின்றன. கையிலுள்ள போனில் எந்தப் பழுதுக்கும் வீடியோ இருக்கிறது. ஆனால் பெட்டியைத் திறந்து பார்க்கும் துணிவு குறைந்துவிட்டது. இதுதான் என் மனதை அறுக்கிறது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். மஸ்கெலியாப் பக்கத் தோட்டமொன்றில், கொழுந்து பறிக்கும் தாயின் மகன். வீடியோ எடிட்டிங் செய்து நாலு காசு பார்க்கிற பையன். பி450 போர்டும் ரைசன் 3 2200ஜி ப்ராசஸரும் கொண்ட பழைய கம்ப்யூட்டர் அவனுடையது. சேர்த்த பணத்தில் ரைசன் 5 5600 ஒன்றும் பாவித்த கிராபிக்ஸ் கார்ட் ஒன்றும் வாங்கிப் பூட்டியிருக்கிறான். "சேர், பேன் எல்லாம் சுத்துது, ஸ்கிரீன்ல ஒண்ணுமே வரல" என்று செய்தி வந்தது. டவுனில் ஒரு கடைக்குத் தூக்கிப்போனானாம். "போர்ட் போச்சு, புதுசு போடணும்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்களாம்.

2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. ஒரு போர்ட் என்றால் அந்தத் தாய் எத்தனை நாள் மலையேற வேண்டும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். "புதுசு போடணும்" என்ற சொல்லை இங்கே அவ்வளவு இலேசாகச் சொல்லக்கூடாது.

அவனோடு போனிலேயே ஒவ்வொன்றாகப் பார்த்தோம். 2200ஜியில் கிராபிக்ஸ் உள்ளேயே உண்டு, 5600இல் கிடையாது. அதனால் மொனிட்டர் வயர் போர்டில் செருகியிருந்தால் திரை கறுப்பாகத்தான் இருக்கும். வயரைச் சரியாகக் கார்டில்தான் செருகியிருந்தான். ப்ராசஸருக்கென்று போர்டின் மேல் மூலையில் தனியாக ஒரு மின் இணைப்பு உண்டு. அதை மறந்துவிட்டாலும் பேன் சுற்றும், ப்ராசஸர் விழிக்காது. அதுவும் சரி. ஒரேயொரு ரேமை மட்டும் விட்டுப் பார்த்தோம். மாற்றமில்லை. அப்படியானால் மிஞ்சுவது பயோஸ், அதாவது ஆளியைப் போட்டதும் முதலில் ஓடும், போர்டிலேயே பதிந்த மென்பொருள். பி450 போர்ட் 2018இல் வந்தது. அவன் வாங்கிய ப்ராசஸர் 2022இல் வந்தது. பழைய பயோஸுக்கு அந்தப் ப்ராசஸரை அடையாளமே தெரியாது. கழற்றிய 2200ஜியைத் திரும்பப் பூட்டச் சொன்னேன். இயந்திரம் உடனே எழும்பியது. போர்ட் போகவில்லை!

இனி பயோஸைப் புதுப்பிக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனால் போர்ட் மெய்யாகவே போய்விடலாம். எங்கள் ஊரில் அந்தப் பயம் சும்மா வருவதில்லை. 1950இல் லக்ஷபானா நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது எங்கள் மலை ஆறுகளை வைத்து. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களும் இங்கேதான். நாட்டுக்கே வெளிச்சம் கொடுத்த மலைகளில், லயன் காம்பராக்கள் அதற்குப் பிறகும் பல்லாண்டு குப்பி விளக்கில் கிடந்தன. 2022 மார்ச் கடைசியில் நாள் ஒன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு வந்தபோது எல்லோருமாக இருட்டில் இருந்தோம். பையன் ஒரு டியூஷன் வகுப்பிலிருந்து யுபிஎஸ் இரவல் வாங்கிவந்து பயோஸைப் புதுப்பித்தான். பிறகு புதிய ப்ராசஸரைப் பூட்டினான். திரை வந்தது, விண்டோஸ் வரவில்லை. புதுப்பித்ததும் பயோஸ் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பியிருந்தன. எம்பிஆர் முறையில் பிரித்திருந்த அவனுடைய பழைய டிஸ்க் எழும்ப, பயோஸில் 'சிஎஸ்எம்' என்ற அமைப்பு திறந்திருக்க வேண்டும். அதையும் அவனே தேடித் திறந்தான். ஒரு சதம் செலவில்லை.

இந்தப் பையன் சாதாரண தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் படித்தவன். ரேம் என்றால் என்ன என்று பரீட்சையில் எழுதியவன். ஒரு ரேமைக் கையில் தொட்டதோ அதற்குப் பிறகுதான். மலையகப் பாடசாலைகளில் ஓரம்கட்டிய கம்ப்யூட்டர்கள் தூசி பிடித்துக் கிடக்கின்றன. 2025 அக்டோபர் 14ஆம் திகதி விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத இயந்திரங்களை விண்டோஸ் 11 ஏற்பதில்லை என்பதால் அந்த அடுக்கு இன்னும் உயரும். அதிபர்களே, ஆசிரியர்களே, அவற்றைப் பழைய இரும்புக்குப் போடாதீர்கள். பிள்ளைகளின் கையில் ஒரு ஸ்குரூ டிரைவரைக் கொடுத்துக் கழற்றிப் பூட்டச் சொல்லுங்கள்.