மூப்படைந்த கேமிங் கணினிக்குச் சிக்கனமாக ப்ராசஸர் மாற்றுதல்: முதல், கரு, உரி நோக்கில் ஓர் ஆய்வு

எட்டு வயது நிரம்பிய கணினியில் விளையாடுகிறவர் ஏதோ ஓர் இரவில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ப்ராசஸர மாத்தணும்" என்பார். இந்த ஒற்றை வாக்கியத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதில் எழுவாய் தோன்றா எழுவாய். செலவு தோன்றாச் செலவு. இது ப்ராசஸரைப் பற்றிய வாக்கியம் என்பாரும் உளர். அது பொருந்தாது. கையில் காசு குறைவாக உள்ளவனுக்கு எந்த ப்ராசஸர் என்று முடிவு செய்வது அவன் அல்லன். அவன் என்றோ யோசிக்காமல் வாங்கிப்போட்ட மதர்போர்டு. இதை நிறுவுவோம்.

முதற்பொருள் நிலமும் பொழுதும். இங்கே நிலம் மதர்போர்டு. பொழுது தீபாவளி போனஸ். கருப்பொருளாவன ரேம், கூலர், எஸ்எம்பிஎஸ், கேபினட், கேபினட்டுக்குள் குடியேறிய தூசி. உரிப்பொருள் ஏக்கமும் ஏக்க நிமித்தமும்.

நிலத்துக்குப் போகுமுன் ஒரு வழக்கைத் தீர்க்க வேண்டும். கேம் லேக் அடிக்கிறது; குற்றவாளி ப்ராசஸர்தானா? இதற்குக் காசில்லாத சோதனை ஒன்று உண்டு. 1080-இல் ஓடும் கேமை 720-க்கு இறக்கிப் பாருங்கள். ஃப்ரேம் எண்ணிக்கை எகிறினால் இதுவரை திணறியது கிராபிக்ஸ் கார்டு, ப்ராசஸர் நிரபராதி. எண்ணிக்கை அசையாமல் நின்றால் ப்ராசஸர் மாட்டிக்கொண்டது. காரணம் எளிது. புள்ளிகளை வரைவது கார்டின் வேலை. புள்ளி குறைந்தால் அதன் சுமை குறையும். எதிரி எங்கே ஒளிந்திருக்கிறான், குண்டு எங்கே பாய்கிறது என்று கணக்குப் பார்ப்பது ப்ராசஸர். திரை மங்கலானாலும் எதிரிகள் குறைவதில்லை.

இங்கே டாஸ்க் மேனேஜரைச் சாட்சிக்கு அழைப்பவர்கள் உண்டு. "பாருங்க, 40 பர்சன்ட்தான் ஓடுது, ப்ராசஸர் சும்மாதான் இருக்கு" என்பது அவர்கள் வாதம். இது பொய்ச்சாட்சி இல்லை, அரைகுறைச் சாட்சி. பன்னிரண்டு திரெட் உள்ள ப்ராசஸரில் ஒரே ஒரு திரெட் முழுக்கத் திணறினாலும், மொத்தக் கணக்கில் அது 8 சதவீதத்தைச் சற்றே தாண்டும். கேம்களில் முக்கிய வேலை பெரும்பாலும் அந்த ஒன்றிரண்டு திரெட்களின் தலையில்தான் விடிகிறது. பிரித்துக் கொடுக்க முடியாத வேலை மிச்சமிருக்கும்வரை ஆட்களைச் சேர்த்துப் பயனில்லை என்று ஜீன் அம்டால் 1967-லேயே சொல்லிவிட்டார். அவர் சொன்னது பெருங்கணினிகளுக்கு. எட்டு கோர், பன்னிரண்டு கோர் என்று எண்ணிப் பார்த்து வாங்குகிற நம்மவர்களுக்கும் அது பொருந்தும்.

வழக்கில் இன்னொரு மறைவான குற்றவாளி மானிட்டர். 60 ஃப்ரேமுக்கு விளையாடியவரை ப்ராசஸருக்கு ஒரு ஃப்ரேமுக்கு 16 மில்லிசெகண்டுக்கு மேல் அவகாசம் இருந்தது. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கி அதற்கு ஈடுகொடுக்கச் சொன்ன அன்று அது 7 மில்லிசெகண்டுக்கும் கீழே போயிற்று. ப்ராசஸருக்கு ஒரே நாளில் மூப்பு வந்தது இப்படித்தான்.

தண்டனை விதிக்குமுன் பயாஸுக்குள் ஒருமுறை எட்டிப்பார்ப்பதும் நியாயம். பெட்டியில் 3200 என்று அச்சிட்ட ரேம், எக்ஸ்எம்பி-யை ஆன் செய்யாவிட்டால் 2133-இலோ 2400-இலோ காலாற நடந்துகொண்டிருக்கும். ஒற்றை ரேம் போட்டிருந்தால், இணையாக இன்னொன்றைச் சேர்த்து டூயல் சேனல் ஆக்குவதிலும் பலன் உண்டு. எக்ஸ்எம்பி-க்கு பில் போட முடியாது என்பதாலோ என்னவோ, கடைகளில் இந்த அறிவுரை அதிகம் கிடைப்பதில்லை.

இனி நிலம். 2017-இல் கணினி வாங்கிய இருவரை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஏஎம்4 சாக்கெட் போர்டில் ரைசன் 5 1600 வாங்கினார். மற்றவர் இண்டெலின் 200 வரிசை போர்டில் ஐ5-7400. அன்று இருவரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் இண்டெல் தன் எட்டாம் தலைமுறையை டெஸ்க்டாப்புக்கு வெளியிட்டது. அதற்கும் அதே 1151 தொடுமுனைகள்தாம். சாக்கெட்டில் உட்காரும், ஆனால் பழைய போர்டு அதைக் கிளப்பாது. மின்விநியோகத்தில் மாறுதல் என்று இண்டெல் காரணம் சொன்னது. ஆக, இரண்டாமவர் ஏறக்கூடிய உச்சி ஐ7-7700கே. அதுவும் நான்கு கோர்தான். இங்கிருந்து ஒரு விதி பிறக்கிறது. மேலே வழியில்லாத நிலத்தின் உச்சி ப்ராசஸர் விலை இறங்காது. அந்த போர்டில் சிக்கிக்கொண்டவர் அத்தனை பேரும் அந்த ஒன்றைத்தான் தேடுவார்கள்; புதிதாக யாரும் அதைத் தயாரிப்பதும் இல்லை. பழைய ஐ7-க்கு விற்பவர் சொல்லும் விலையைக் கேட்டு, "இந்தக் காசுக்குப் புதுசே வாங்கிரலாமே" என்று கோபப்படுகிறவர்கள் இவ்விதியை அறியாதவர்கள்.

முதலாமவர் கதை வேறு. 2022 ஏப்ரலில், அதாவது ஐந்தாண்டு கழித்து வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி, அவருடைய பழைய போர்டிலேயே உட்கார வாய்ப்பு உண்டு. ஆனால் அந்த வாய்ப்பு தானாக வந்ததன்று. 400 வரிசை போர்டுகளுக்கும் ரைசன் 5000 கிடையாது என்று 2020 மே மாதத்தில் ஏஎம்டி அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்தார்கள், அதே மாதத்தில் ஏஎம்டி இறங்கிவந்தது. நம் முதலாமவரைப் போன்ற 300 வரிசைக்காரர்கள் 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சொன்ன காரணங்களில் ஒன்று, பயாஸ் தங்கும் சிப்பின் கொள்ளளவு. பல போர்டுகளில் அது 16 எம்பிதான். எல்லாத் தலைமுறைக்கும் அதில் இடம் போதாது. சில போர்டுகளில் புதியவர்களுக்கு இடம்விட்டுப் பழைய ப்ராசஸர்களை வெளியேற்றினார்கள். சிலவற்றில் பயாஸ் திரையின் அலங்காரங்களையே கழற்றிவிட்டார்கள்.

சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் இந்த ஆய்வு முழுவதும் ஆறு வரியில் நடந்து முடிகிறது:

"அண்ணா, 5600 என்ன ரேட்டு?"

"போர்டு என்ன தம்பி?"

"பி350."

"பயாஸ் எந்த வருஷத்துது?"

"வாங்கினப்ப இருந்ததுதாண்ணா."

"மொதல்ல அத அப்டேட் பண்ணிட்டு வா, அப்புறம் ரேட்டு பேசலாம்."

விலை கேட்டவனிடம் விற்பவர் நிலம் கேட்டதை உற்று நோக்குக. அவர் சொன்ன வரிசையும் முக்கியம். பழைய ப்ராசஸர் இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்ய வேண்டும். கழற்றிய பிறகு புதியது அந்த போர்டுக்கு அடையாளம் தெரியாத ஆள். அப்டேட் பாதியில் கரண்ட் போனால் போர்டே கிளம்பாமல் போகலாம். எனவே மின்தடை அறிவிப்பு வந்த நாளைத் தவிர்த்து, யூபிஎஸ் உள்ள வீட்டில் செய்வது உத்தமம். யூபிஎஸ் இல்லாதார் மழை வராத வேளையைத் தேர்க.

அடுத்துப் பாடபேதங்கள். 5600 என்ற மூலத்துக்கு 5600எக்ஸ், 5600ஜி, 5600ஜிடி, 5600டி, 5600எக்ஸ்டி, 5600எக்ஸ்3டி எனப் பல பாடங்கள் வழங்குகின்றன. ஏடெழுதுவோர் பிழை என்று தள்ளிவிட முடியாது. ஒவ்வொன்றும் விற்பனைக்கு வந்தது. இவற்றுள் 'ஜி' வரும் பாடங்களில் உள்ளேயே கிராபிக்ஸ் உண்டு, ஆனால் எல்3 கேஷ் 16 எம்பிதான். வெறும் 5600-இல் 32 எம்பி. தனி கிராபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர், இரண்டும் ஒன்றுதானே என்று ஜி-யை வாங்கினால் கேமில் நஷ்டம். 5500-உம் இந்த 16 எம்பிக் கூட்டத்தைச் சேர்ந்ததே. பழைய 1600-ஐயும் 5600-ஐயும் அருகருகே வைத்தால் இரண்டும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட், 65 வாட். பெட்டியைப் பார்த்து வாங்குகிறவருக்கு எதற்கு மாற்ற வேண்டும் என்றே தோன்றும். உள்ளே பார்த்தால் 1600-இன் கேஷ் 8, 8 எம்பியாக இரண்டு கூறு; கூறுக்கு மூன்று கோர். ஒரு பக்கத்துக் கோருக்கு மறுபக்கச் செய்தி வேண்டுமென்றால் சுற்றித்தான் வர வேண்டும். 5600-இல் 32 எம்பியும் ஆறு பேருக்கும் பொதுச்சொத்து. 5800எக்ஸ்3டி-யில் இன்னும் 64 எம்பியை மேலே அடுக்கி 96 ஆக்கினார்கள். அதன் உச்சவேகம் 4.5 கிகாஹெர்ட்ஸ், உடன்பிறப்பான 5800எக்ஸுக்கு 4.7. ஆனாலும் பெரும்பாலான கேம்களில் மெதுவானதே வென்றது. கிகாஹெர்ட்ஸை மட்டும் பார்த்து வாங்குவோர் இவ்விடத்தில் இருமுறை மூச்சுவிடுக.

பழைய நிலத்தையே விட்டுவிட்டு ஏஎம்5-க்குக் குடிபெயரலாமே என்பார்க்கு மறுமொழி: அங்கே டிடிஆர்5 ரேம் மட்டுமே செல்லும். போர்டு, ரேம் இரண்டும் புதிதாக வேண்டும்; 2025 இறுதியில் ரேம் விலை ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு அந்த யோசனையைச் சிக்கனம் என்ற தலைப்பின்கீழ் வைக்க இயலாது.

மாற்றத்துக்கான காரணங்கள் அகம், புறம் என இருவகைப்படும். அகக்காரணம் ஃப்ரேம்; அது வீட்டாரிடம் சொல்லத்தக்கதன்று. புறக்காரணம் விண்டோஸ். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-இன் பட்டியலில் ரைசன் 1600-உம் இல்லை, ஐ5-7400-உம் இல்லை. "அப்பா, செக்யூரிட்டி அப்டேட் வராது, பேங்க் வேலையெல்லாம் இதுலதான் பாக்கறீங்க" என்ற வாக்கியம் பல இல்லங்களில் நிதி ஒதுக்கீட்டைப் பெற்றுத் தந்திருக்கும் என்பது இவ்வாய்வாளன் துணிபு.

பொருத்தும் முறை பற்றிச் சுருங்கச் சொன்னால் போதும். தெர்மல் பேஸ்டில் அரிசிமணிக் கட்சி, பட்டாணிக் கட்சி, பெருக்கல்குறிக் கட்சி என மூன்று உண்டு. கூலரை அழுத்தியதும் மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். உண்மையான ஆபத்து பழையதைக் கழற்றுவதில் இருக்கிறது. ஏஎம்4-இல் 1331 பின்களும் ப்ராசஸரின் அடியில் உள்ளன. காய்ந்த பேஸ்ட் பிடித்துக்கொண்டால், கூலரைத் தூக்கும்போது ப்ராசஸரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும். ஆகவே சற்று நேரம் கேம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி, பிறகே தூக்குக. வளைந்த பின்னை நிமிர்த்த, லெட் எடுத்த மைக்ரோ டிப் பென்சிலின் முனை உதவும்.

இறுதியாக எஞ்சுவது பழைய ப்ராசஸர். விற்றால் பெரிதாக ஒன்றும் வராது. தூக்கிப்போட மனம் வராது. புதியது வந்த பெட்டியிலேயே அதை வைத்து மூடி அலமாரியில் வைக்கிறார்கள். சில வாரம் கழித்துத் தம்பி கேட்கிறான்: "இதுக்கு ஒரு பழைய போர்டு மட்டும் வாங்கினா எனக்கு ஒரு பிசி ஆயிடும்ல?" அண்ணன் யோசிக்கிறான். போர்டு, ரேம், எஸ்எம்பிஎஸ், கேபினட் என்று விரல்விட்டு எண்ணிக் கூட்டிப் பார்த்து, சமாளித்துவிடலாம் என்று இருவரும் ரிச்சி தெருவுக்குக் கிளம்புகிறார்கள். 1600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது, திரையில் படம் தெரியவே தனியாக ஒரு கார்டு வேண்டும் என்பதைக் கடைக்காரர் சொல்லித்தான் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.