வீட்டோட மாப்பிள்ளைக் கள்ளி

வாய்யா மாப்ளே. டவுன்ல இருந்து தொட்டியும் கையுமா வந்திருக்கே. எம்புட்டு? ஐந்நூறா? நல்லது. வேலியில கள்ளி முளைச்சா அரிவாளைத் தேடுற குடும்பம் நம்மது. நீ காசு குடுத்து முள்ளு வாங்கியாந்திருக்கே. குலம் முன்னேறிருச்சு.

சரி, கோவிச்சுக்காத. உச்சியில உருண்டையா, குங்குமச் சிவப்புல உட்கார்ந்திருக்காரே, அவருக்குப் பூர்வீகம் பராகுவே. பேரு ஜிம்னோகாலிசியம் மிகானோவிச்சி. வாயில நுழையலேன்னா விட்டுரு, கூப்பிடலைன்னு செடி வருத்தப்படாது. ஊர்ல இருக்கிற இவரோட சொந்தக்காரங்க எல்லாம் பழுப்பும் பச்சையுமா, வெயில்ல பாடுபட்டுப் பிழைக்கிற ஆளுங்க. 1941-ல ஜப்பான்ல வத்தனாபேன்னு ஒரு நர்சரிக்காரர், 10,000 நாத்துக்கு நடுவுல ரெண்டே ரெண்டுல சிவப்பைப் பார்த்தாரு. நானா இருந்தா சீக்குன்னு பிடுங்கி எறிஞ்சிருப்பேன். அவரு வளர்த்தாரு. அதுல வந்த முழுச்சிவப்புக் குட்டியைப் பச்சைத்தண்டு மேல ஒட்டுக்கட்டினாரு. உன் தொட்டியில இருக்கிறது அந்த வம்சம்.

சிவப்பு புதுசா வந்து ஒட்டிக்கலை மாப்ளே. பீட்ரூட்ல இருக்கே பீட்டாலைன், அந்தச் சாயம் இவரு குடும்பத்துல ஏற்கெனவே உண்டு. பச்சையம் மறைச்சு வச்சிருந்தது. அது போனதும் சிவப்பு வெளிய தெரியுது. ஆனா பச்சையம் போனா சாப்பாடும் போச்சுல்ல? வெயிலைச் சோறாக்கத் தெரியாத ஆளு. விதையில இருந்து தனியா முளைச்சா, விதைக்குள்ள இருந்த கையிருப்பு தீர்ந்த அன்னிக்கே கதை முடிஞ்சது.

கீழ முக்கோணமா நிக்கிற பச்சைத்தண்டு இருக்கே, அது டிராகன் ஃபுரூட் கொடி. சம்பாதிக்கிற மாமனார் அவருதான்; மேல இருக்கிறவரு வீட்டோட மாப்பிள்ளை. உன்னைச் சொல்லலைப்பா. உங்க மாமனார் வீட்டு மாடியில நீ வாடகை குடுத்துத்தான் இருக்கேன்னு ஊருக்கே தெரியும்.

அதனால மாமனாரைக் கவனி. பாலைவனக் கள்ளின்னு காயப்போட்டா சுருங்கிருவாரு. தண்ணி தேங்கினா அழுகிருவாரு. சரளையும் மணலும் கலந்து, மேல்மண் காய்ஞ்சதும் ஊத்து. குளிரும் ஆகாது, கொடைக்கானலுக்குக் கூட்டிட்டுப் போயிராத. காலை வெயில் போதும்; உச்சி வெயில்ல வச்சா சிவப்பு வெந்து தழும்பாயிரும்.

பச்சையும் மஞ்சளுமா வரியோடின கள்ளி வேற சங்கதி. வேரிகேட்டட்னு சொல்லி அதுக்குத்தான் கடைக்காரன் பெரும்பணம் கேப்பான். கொஞ்சம் பச்சை இருக்கிறதால சொந்தக் கால்ல நிக்கும். ஆனா பச்சைப்பக்கம் வேகமா வளர்ந்து வர்ணத்தை அமுக்கப் பார்க்கும். அடியில முழுப்பச்சையா குட்டி வந்தா பாவம் பார்க்காம எடுத்துரு. குட்டி எந்தப் பக்கம் முளைக்குதோ அந்த நிறம்தான். வரியோடின குட்டி பெரும்பாலும் ரெண்டு நிறமும் சந்திக்கிற எல்லையிலதான் வரும். தாய்ச்செடியைக் காட்டிக் குட்டியை விப்பான். நீ குட்டியைப் பார்த்துக் காசு குடு.

மடிப்பு மடிப்பா நெளிஞ்சு போன கள்ளியும் உண்டு. குருத்து ஒரு புள்ளியா நிக்காம கோடா நீண்டுபோனா அப்படி ஆகும். அரிசோனாவுல பனையுயரச் சகுவாரோவுக்கும் வரும். உங்க அத்தை வாசல்ல நிக்கிற கோழிக்கொண்டைப் பூவும் அதே கோளாறுதான். அதை நீ ஒருநாளாவது படம் பிடிச்சுப் போட்டிருக்கியா?

உன் தொட்டியில இருக்கிற ஒட்டு சில வருஷம்தான் தாங்கும்; மேல இருக்கிறவரும் கீழ இருக்கிறவரும் ஒரே வேகத்துல வளர மாட்டாங்க. அதுக்குள்ள சிவப்புக் குட்டி ஒண்ணை எடுத்துப் புதுத்தண்டுல கட்டிரு. வெட்டுவாயில நடுவுல ஒரு வளையம் தெரியும். மேல்வளையம் கீழ்வளையத்தை ஓரிடத்துலயாவது தொடணும். ரப்பர் பேண்டு போட்டு நிழல்ல வை.

அதுக்கும் சோம்பல்னா, சிவப்பு செத்தப்புறம் தொட்டியைக் குப்பையில வீசிராத. பச்சைத்தண்டு உசுரோட இருந்தா எங்கிட்டக் குடு, வேலியோரம் ஊனிக்கிறேன். காய்ச்சா உனக்கும் ஒரு பழம் தாரேன்.