பிடித்த வேலையும் பிடிபட்ட வேலையும்

கேள்வி: பட்டப்படிப்பு முடித்துவிட்டேன். "உனக்குப் பிடித்த வேலைக்குப் போ" என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு என்ன பிடிக்கும் என்பதே தெரியவில்லை. என்னிடம் ஏதாவது குறையா?

பதில்: குறை உங்களிடம் இல்லை, அந்த அறிவுரையில் இருக்கிறது. பீரோவில் வைத்து மறந்த சாவி மாதிரி ஆர்வம் நமக்குள் எங்கோ முழுசாகக் கிடக்கிறது, துழாவினால் அகப்பட்டுவிடும் என்று அது நம்ப வைக்கிறது. பெரும்பாலோருக்கு நடப்பது வேறு. ஒரு வேலை கைக்குப் பிடிபட்ட பிறகுதான் மனசுக்குப் பிடிக்கிறது. 2018-இல் ஓகீஃப், டுவெக், வால்டன் என்ற மூன்று உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாணவர்களுக்குக் கருந்துளை பற்றிய சுவையான காணொளி ஒன்றைக் காட்டிவிட்டு, அதே பொருளில் கடினமான அறிவியல் கட்டுரை ஒன்றைப் படிக்கக் கொடுத்தார்கள். ஆர்வம் என்பது முன்கூட்டியே அமைந்துவிட்ட ஒன்று என்று நம்பியவர்களின் உற்சாகம், கட்டுரை கடினமானதும் வெகுவாகச் சரிந்தது. ஆர்வம் வளரக்கூடியது என்று நம்பியவர்களுக்கு அவ்வளவு சரியவில்லை. முதல் முட்டுக்கட்டையையே "இது எனக்கானதல்ல" என்ற தீர்ப்பாக எடுத்துக்கொண்டால் எந்த வேலையும் பிடிபடாது.

நம் வீட்டுச் சான்று ஒன்றும் உண்டு. 1880-இல் உ.வே.சாமிநாதையர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர், வயது 25. அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், தலபுராணம் எல்லாம் கரைத்துக் குடித்தவர். அங்கே முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார், சமணக் காப்பியமான சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை. அந்த ஒரு கேள்விதான் விதை. ஏட்டைப் பிரித்தால் எழுத்துக்குப் புள்ளி கிடையாது. காலும் ரகரமும் ஒன்றுபோல் தெரியும். செய்யுள் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய வழியில்லை. சமணச் சொற்கள் விளங்காதபோது ஊரிலிருந்த சமணர்களின் வீடு தேடிப் போய்க் கேட்டார். ஏழு வருட உழைப்புக்குப் பின் 1887-இல் சிந்தாமணி அச்சாகி வந்தது. பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை எல்லாம் அவர் பதிப்பித்தது அதற்குப் பிறகுதான். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பிப்பதுதான் தன் ஆர்வம் என்று 25 வயதில் அவருக்கும் தெரிந்திருக்கவில்லை. உங்களுக்கும் அவசரம் ஒன்றுமில்லை.

கேள்வி: இராமானுஜனை என்ன செய்வீர்கள்? கணிதம் அவருக்குப் பிறவியிலேயே வந்ததல்லவா? பிடித்ததை விட்டுக் கிடைத்த வேலையில் உட்கார்ந்திருந்தால் உலகம் ஒரு மேதையை இழந்திருக்குமே!

பதில்: அப்படிச் சிறு வயதிலேயே பற்றிக்கொள்ளும் நெருப்பு சிலருக்கு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இராமானுஜன் கதையை முழுதாகப் படித்தால் அது உங்கள் கட்சிக்குச் சாட்சி சொல்லாது. கணிதம் தவிர மற்றதைத் தொடாததால் எஃப்.ஏ. தேர்வில் தேறவில்லை, உதவித்தொகையும் போயிற்று. வருமானமில்லாத வருடங்களில் காகிதம் வாங்கக் கட்டுப்படியாகாமல் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து அழித்துக் கணக்குப் போட்டார். 1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தாவானார். மாதம் 30 ரூபாய். அந்த வேலைதான் அவருக்கு நிழல் கொடுத்தது. மேலதிகாரி நாராயண ஐயர் கணிதம் அறிந்தவர். தலைவர் பிரான்சிஸ் ஸ்பிரிங் அவருக்காகப் பரிந்து பேசினார். 1913 ஜனவரியில் ஆங்கிலேயக் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய புகழ்பெற்ற கடிதத்தில், துறைமுகக் கழகத்தின் குமாஸ்தா என்றுதான் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார். சில மாதங்களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை வந்தது. கிடைத்த வேலை அவருடைய கணிதத்தைக் கொல்லவில்லை. சோறு போட்டுக் காப்பாற்றியது. சோறு போடுவதோடு, மாலையில் நமக்கென்று கொஞ்சம் தெம்பையும் மிச்சம் வைக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: நான் செய்யும் கேக்கைச் சாப்பிட்டவர்கள் எல்லாம் "கடை போடு" என்கிறார்கள். வேலையை விட்டுவிட்டு இறங்கலாமா?

பதில்: கேக் செய்வது ஒன்று, கேக் வியாபாரம் இன்னொன்று. சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு மூன்று கேக் கொடுக்க வேண்டும். ஒன்றில் முட்டை சேர்க்கக் கூடாது. மதியம் கரண்ட் போய், அடித்து வைத்த கிரீம் தளர்கிறது. ஒருவர் போனில் பெயரை மாற்றி எழுதச் சொல்கிறார். இன்னொருவர், கடையில் இதைவிட நூறு ரூபாய் குறைவு என்கிறார். இரவு பாத்திரம் கழுவிவிட்டு வெண்ணெய், மைதா, காஸ், அட்டைப்பெட்டி, டெலிவரி என்று நோட்டில் எழுதிக் கூட்டுகிறோம். "என் கூலி" என்ற வரியைப் பலரும் எழுதுவதே இல்லை. காசு நுழைந்ததும் மனசு மாறும் என்பதற்கும் சான்று உண்டு. 1973-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், படம் வரைய ஆசைப்படும் மழலையரில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் பரிசு என்று முன்னதாகவே சொன்னார்கள். பிற்பாடு தங்கள் இஷ்டப்படி விளையாடும் நேரத்தில் அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே பேனாவைத் தொட்டார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்ற குழந்தைகளின் ஆசை குறையவில்லை.

இதனால் இறங்காதீர்கள் என்று சொல்ல வரவில்லை. வேலையை விடாமல் மூன்று மாதம், உறவும் நட்பும் அல்லாதவர்களுக்கு, கூலியையும் சேர்த்து விலை வைத்து விற்றுப் பாருங்கள். பாத்திரம் கழுவும்போதும் "அடுத்த முறை ஸ்பாஞ்ச் இன்னும் மிருதுவாக வர என்ன செய்யலாம்" என்று மனசு ஓடினால் தொழில் பிடிபட ஆரம்பித்துவிட்டது, துணிந்து இறங்கலாம். பாராட்டு மட்டுமே நினைவில் நின்றால் அதை ஞாயிற்றுக்கிழமைச் சந்தோஷமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிடிபட்டால் பிடிக்கும் என்றால், முதலாளி எதைக் கொடுத்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்ய வேண்டுமா? கல்விக் கடன் கட்டுகிறவனுக்கு ஆர்வம் ஒரு ஆடம்பரம் அல்லவா?

பதில்: நியாயமான கேள்வி. எல்லா வேலையும் பிடிபடும் தகுதி உடையதல்ல. உளவியலாளர்கள் டெசியும் ரயனும், வேலையில் மனம் ஒட்ட மூன்று வேண்டும் என்கிறார்கள்: கொஞ்சமாவது சுதந்திரம், திறமை வளர இடம், மனிதரோடு உறவு. மூன்றும் இல்லாத இடத்தில் பொறுமை காட்டுவது வீண். கையால் மலம் அள்ளும் வேலையை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. அப்படிப்பட்ட வேலையில் ஒருவரைத் தள்ளிவிட்டு "பழகினால் பிடிக்கும்" என்று சொல்வது பாவம். ஆர்வத்தைக் காட்டி உழைப்பைச் சுரண்டுவதும் நடக்கிறது. விலங்குக் காட்சிசாலைப் பராமரிப்பாளர்களைப் பற்றி பண்டர்சனும் தாம்ப்சனும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், இது தங்கள் பிறவிக் கடமை என்று உணர்ந்தவர்கள் பணத்தையும் வசதியையும் விட்டுக்கொடுக்க அதிகம் தயாராக இருந்தார்கள்; அதே காரணத்தால் சுரண்டலுக்கும் எளிதில் ஆளாகக்கூடியவர்களாக இருந்தார்கள். ஆகவே "ஆர்வமுள்ளவர்கள் தேவை" என்ற விளம்பரத்தைப் பார்த்தால் சம்பளம் எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்று கூசாமல் கேளுங்கள். கடன் கட்டுகிற உங்களுக்கு ஒரு நல்ல செய்தி: ஆர்வம் வரும்வரை காத்திருப்பதுதான் ஆடம்பரம். சம்பாதித்துக்கொண்டே ஒரு திறமையை வளர்ப்பது உங்களாலும் முடியும்.

கேள்வி: வயது 40. வங்கி வேலை, வீட்டுக் கடன், இரண்டு குழந்தைகள். எனக்கு இனி வாய்ப்பு உண்டா?

பதில்: உண்டு, ராஜினாமாக் கடிதம் எழுதாமலே. ஏமி ரெஸ்னெவ்ஸ்கியும் அவருடைய குழுவினரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரி அலுவலக உதவியாளர் வேலை பார்த்த 24 பேர் இருந்தார்கள். அதை வெறும் பிழைப்பாகப் பார்த்தவர்கள், முன்னேறும் படியாகப் பார்த்தவர்கள், வாழ்வின் அர்த்தமாகவே பார்த்தவர்கள் என்று ஏறக்குறைய சம பங்காகப் பிரிந்தார்கள். வேலையின் பெயர் ஒன்றுதான். அதை அவரவர் பார்த்த விதம் வேறு. வேலைக்கு வெளியேயும் இடம் இருக்கிறது. சு.தியடோர் பாஸ்கரன் அஞ்சல் துறையில் உயர் அதிகாரியாக இருந்துகொண்டே திரைப்பட வரலாற்றையும் கானுயிரையும் எழுதினார். சுஜாதா பாரத் எலக்ட்ரானிக்ஸில் பொறியாளராக இருந்தபடியே தமிழ் உரைநடையின் வேகத்தை மாற்றினார். நாளைக்கு வங்கிக்குப் போகும்போது, அங்கே செய்யும் பத்து வேலைகளில் எதைச் செய்யும்போது கடிகாரத்தைப் பார்க்க மறந்துபோகிறீர்கள் என்று கவனியுங்கள். பாமர வாடிக்கையாளருக்குக் கடன் விதியை விளக்குவதாக இருக்கலாம், புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதாக இருக்கலாம். அதை இன்னும் நன்றாகக் கற்றுக்கொள்ளுங்கள், அதைக் கேட்டு வாங்கிச் செய்யுங்கள். பிடித்த வேலையைத் தேடி அலைய 40 வயது தாமதமாகத் தோன்றலாம். ஒரு வேலையில் தேர எந்த வயதும் தாமதமில்லை.