வித்தியாசம் தெரியுதா சார்?

அவர் படம் பார்க்கக் கூப்பிட்டால் போகாதீர்கள். கதாநாயகன் வாயைத் திறப்பதற்குள் படத்தை நிறுத்திவிடுவார். எழுந்து போய், டிவிக்குப் பக்கத்தில் கறுப்பாக உட்கார்ந்திருக்கும் சப்வூஃபரின் முதுகுப்பக்கம் கையை விட்டு, ஒரு திருகைக் கடுகளவு திருப்பிவிட்டு வருவார். அதே காட்சி மறுபடி ஓடும். பிறகு அந்தக் கேள்வி: "வித்தியாசம் தெரியுதா சார்?"

தெரியவில்லை என்றால் பாடம் ஆரம்பமாகும். கிராஸ்ஓவர் 80 ஹெர்ட்ஸ். அதற்குக் கீழே இருப்பதெல்லாம் சப்வூஃபருக்கு, மேலே இருப்பது மெயின் ஸ்பீக்கர்களுக்கு. இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒன்று தள்ள, மற்றது இழுத்தால் பேஸ் செத்துவிடும். அதற்குத்தான் பின்னால் 0, 180 என்று ஃபேஸ் சுவிட்ச். சரி, தெரிகிறது என்று சொல்லித் தப்பிக்கலாமே என்கிறீர்களா? "எது நல்லா இருக்கு, முன்னாடியா, இப்பவா?" என்பார். பூவா தலையாதான். தப்பாகச் சொன்னால் காட்சி முதலிலிருந்து.

ஞாயிற்றுக்கிழமைகளில் தவழ்வார். சப்வூஃபரைத் தூக்கித் தன் சோபாவில் உட்காரவைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுவரோரமாக முட்டி போட்டுக் காதைத் தீட்டியபடி ஊர்வார். பேஸ் எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைக்க வேண்டும். சிரிக்காதீர்கள், பௌதிகம் அவர் பக்கம். 40 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 28 அடி. பதினாலு அடி ஹாலில் பாதி அலைதான் அடங்கும்; சுவரில் மோதித் திரும்பி, ஓரத்தில் குவிந்து, நட்டநடுவில் காணாமல் போய்விடும். ஊர்ந்து ஊர்ந்து அவர் கண்டுபிடித்த உத்தமமான இடம் சமையலறை வாசல். "அப்ப நான் எந்த வழியா போறது?" என்றார் வீட்டுக்கார அம்மா. பெட்டி பழைய இடத்துக்கே வந்தது.

ஒரே ஒரு நாள் எல்லாம் கூடிவந்ததைப் பார்த்திருக்கிறேன். திரையில் லாரி வந்தது. சத்தம் பெட்டியிலிருந்து வருவதாகவே தெரியவில்லை, லாரியிலிருந்தே வந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்த முகத்தைப் பார்த்தபோது என்ன செலவானாலும் தகும் என்றுதான் எனக்கும் தோன்றியது. லாரி தாண்டுவதற்குள் கண்ணைத் திறந்து, "ஒரு டிபி குறைச்சுப் பாப்பமா?" என்றார்.

எனக்கு இதெல்லாம் வேடிக்கையாகவே இருந்திருக்கும், அவருக்கு நேர் கீழ் வீட்டில் குடியிருக்காவிட்டால். ராத்திரி பதினோரு மணிக்கு மாடியேறிச் சொன்னால், "வால்யூம் குறைச்சுட்டேனே சார்" என்கிறார். குறைத்தார்தான். சத்தம் குறையக் குறையக் காது முதலில் இழப்பது பேஸை என்று ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1933-லேயே அளந்து சொல்லியிருக்கிறார்கள். மனிதர் அதைப் படித்துத் தொலைத்திருக்கிறார். அதனால் வால்யூமைக் குறைத்த கையோடு சப்வூஃபரை மட்டும் ஏற்றிவிடுகிறார். கான்கிரீட் தளம் வசனத்தைத் தடுக்கும். 30 ஹெர்ட்ஸைத் தடுக்காது. யார் யாரைக் காதலித்தார்கள் என்று தெரியாமல், எப்போதெல்லாம் குண்டு வெடித்தது என்பதை மட்டும் தெரிந்துகொண்டு நான் படுத்திருக்கிறேன். காலையில் நான் வேலைக்குப் போக வேண்டும்.

பெட்டிக்கு அடியில் தடிமனாக ரப்பர் போடச் சொன்னேன். மறுப்புச் சொல்லாமல் போட்டார். பேஸ் இன்னும் சுத்தமாகிவிட்டதாம். அந்தச் சந்தோஷத்தில் இரண்டு டிபி கூட்டியிருக்கிறார்.