1,300 சதுர அடி

மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், "வீடு எத்தனை சதுர அடி?" என்று கேட்டார்கள். "ஆயிரத்து முந்நூறு" என்றேன். காசா பணமா, வாயால்தானே கட்டுகிறோம்! அதற்கப்புறம் யார் கேட்டாலும் அதேதான். சொல்லிச் சொல்லி, எனக்கே ஹால் கொஞ்சம் விசாலமாகத் தெரிய ஆரம்பித்துவிட்டது.

2022 ஏப்ரலில் சொத்து வரியை உயர்த்தினார்களே, ஞாபகம் இருக்கிறதா? எங்கள் ஊர் மாதிரி நகராட்சிகளில் 601 முதல் 1,200 சதுர அடி வரையுள்ள குடியிருப்புக்கு 50 சதவீதம், 1,201 முதல் 1,800 வரை 75 சதவீதம். எனக்கு வந்த நோட்டீஸில் 75. பரப்பு 1,300.

கொதித்துப் போனேன். வாசல் கதவைச் சாத்திவிட்டு, மனைவியின் தையல் டேப்பை எடுத்து அளந்தேன். அது ஐந்தடிக்கு மேல் நீளாது. ஐந்தடிக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டுக்கொண்டே தவழ்ந்தேன். "கோலமா?" என்றாள் அவள். 1,080 வந்தது. அன்றிரவே ஆணையருக்கு நாலு பக்கம் மனு. 'யாரோ ஒரு பொறுப்பற்ற நபர், மனம்போன போக்கில் எழுதிவைத்த அளவு' என்று மூன்றாம் பக்கத்தில் ஒரு வாக்கியம். அதை மனைவிக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன்.

ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நாலு பக்கத்தையும் படித்தார். (படிக்கமாட்டார் என்ற நம்பிக்கையில்தான் நாலு பக்கம் எழுதியதே.) பீரோவிலிருந்து ஒரு கட்டை எடுத்துப் பிரித்து, ஒரு தாளை என் பக்கமாகத் திருப்பி வைத்தார். சுய மதிப்பீட்டுப் படிவம். மொத்தப் பரப்பு 1,300 என்று முத்து முத்தான எழுத்து. கீழே என் கையெழுத்து.

"அந்த நபர் இன்னும் அதே வீட்லதான் இருக்காரா சார்?"

நல்ல மனுஷர். வழியும் சொன்னார். "மறு அளவீடு கேட்டு எழுதிக் குடுங்க, பத்திர நகலும் பிளானும் வைங்க. அதுவரைக்கும் வரியைக் கட்டிடுங்க. நாளைக்கு மேல்முறையீட்டுக்குப் போனாலும் கட்டின ரசீதைத்தான் முதல்ல கேப்பாங்க. அப்புறம் சார், சுவரையும் சேர்த்துத்தான் அளக்கணும். நீங்க ரூமை மட்டும் அளந்திருக்கீங்க."

பத்து நாள் கழித்து இரண்டு பேர் டேப்போடு வந்தார்கள். அன்றைக்கென்று சம்பந்தி வந்திருந்தார். வெளிச்சுவர் மூலைக்கு மூலை இழுத்துப் பிடித்து, பெருக்கி, தெருவுக்கே கேட்கிற குரலில் ஒருவர் சொன்னார்: "ஆயிரத்து நூத்தி எண்பத்தாறு!"

எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போலிருந்தது. திண்ணையில் காபி குடித்துக்கொண்டிருந்த சம்பந்தி டம்ளரைக் கீழே வைத்தார்.

"அப்போ மிச்சம் நூத்திப் பதினாலு அடி எங்கே சம்பந்தி?"

வரி உயர்வு 50 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. உங்களுக்கும் நோட்டீஸ் வந்தால், அதில் போட்டிருக்கிற கெடுவுக்குள் மனுவைக் கொடுத்துவிடுங்கள். அளக்க என்றைக்கு வருவார்கள் என்பதையும் மறக்காமல் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள்.