கொலுவுக்கு வந்த கரடி

லண்டன், ஒன்டாரியோ.

அன்புள்ள அக்காவுக்கு,

 

தெருவில் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "தம்பி லண்டன்ல இருக்கான்" என்று நீ சொல்லி வருவதாக அம்மா சொன்னாள். பொய் என்று யாரும் சொல்ல முடியாது. கனடாவில் இருக்கிற இந்த லண்டனிலும் தேம்ஸ் நதி ஓடுகிறது, ஆக்ஸ்போர்டு தெரு இருக்கிறது, கோவென்ட் கார்டன் சந்தைகூட இருக்கிறது. அரண்மனை ஒன்றுதான் குறைச்சல். அதை நீ சொல்லாமல் விட்டால் போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். நவராத்திரி நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை உன் மருமகள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கரடியைக் கூட்டி வந்தாள். துணிக் கரடி. பெயர் பிஸ்கட். ஒரு காது பிய்ந்து வேறு நிற நூலில் தைத்திருந்தது. கூடவே ஒரு பை. பைக்குள் கரடிக்கு இரவு உடுப்பு, பல் துலக்க ஒரு பிரஷ், ஒரு தடித்த நோட்டு. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எனக்கு இத்தனை சாமான் கிடையாது.

இங்கே நாலு வயதில் ஜூனியர் கிண்டர்கார்டன். வகுப்புக்கு ஒரு கரடி வைத்திருக்கிறார்கள். வாரக் கடைசியில் முறை வைத்து ஒவ்வொரு பிள்ளை வீட்டுக்கும் அது விருந்து போகும். திங்கட்கிழமை பிள்ளை எழுந்து நின்று, கரடி நம் வீட்டில் என்னென்ன செய்தது என்று வகுப்புக்குச் சொல்ல வேண்டும். நோட்டிலும் எழுதிப் படம் ஒட்ட வேண்டும். நாலு வயதுப் பிள்ளை எங்கே எழுதும்? அப்பன்தான் எழுத வேண்டும்.

நோட்டைப் புரட்டினோம். பிஸ்கட் நயாகரா பார்த்திருக்கிறது. படகு விட்டிருக்கிறது. ஆப்பிள் தோட்டத்தில் பழம் பறித்திருக்கிறது. ஒரு வீட்டில் அதற்கு ஸ்வெட்டரே பின்னிப் போட்டிருக்கிறார்கள். எல்லாம் பெரியவர்கள் கையெழுத்து, வண்ண வண்ணப் பேனா. என் மனைவி வள்ளி நோட்டை மூடினாள், வாக்குவம் கிளீனரை எடுத்தாள். அம்மா முதல் தடவை இங்கே வந்தபோதுகூட அந்த சோபாவை யாரும் நகர்த்தவில்லை, அக்கா. கரடிக்காக நகர்த்தினோம்.

நயாகரா வரைக்கும் பெட்ரோல் போட வேண்டாம், கொலு இருக்கிறது என்று நான் ஆறுதல் பட்டுக்கொண்டிருந்தபோதுதான், வாமனருக்கும் பரசுராமருக்கும் நடுவில் கரடி ஏறி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தோம். வள்ளிக்கு முகம் வெளுத்துவிட்டது. படியில் ஏற்றிய பொம்மையை விஜயதசமிக்கு முன்னால் இறக்கலாமா? திங்கள் காலை கரடி வகுப்பில் இருக்க வேண்டுமே! டீச்சரிடம் என்னவென்று சொல்வது? அம்மாவுக்குப் போன் போட்டோம். அங்கே விடியற்காலை மூன்றரை மணி. அம்மா முழுதும் கேட்டாள்.

"ஏலே, அது பொம்மையா? ஊர் ஊராப் போயிட்டு வருதுங்கே. விருந்தாளிலே அது. கீழ பாயப் போட்டு உக்கார வச்சு, சுண்டல் குடுத்து, வெத்தல பாக்கு வச்சு அனுப்புங்க."

சுப்ரீம் கோர்ட்டில்கூட இவ்வளவு சீக்கிரம் தீர்ப்பு வராது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் உனக்கு எழுத நினைத்தது. நீ ஒன்றாம் வகுப்பு டீச்சர், உனக்குத்தான் புரியும். போன வருஷம் இதே கொலுவை நான் ஒவ்வொரு பொம்மையாகக் காட்டிச் சொன்னபோது கொட்டாவி விட்டவள் இவள். இப்போது கரடியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு படிபடியாக விளக்குகிறாள். "இது செட்டியாரு. கடை வச்சிருக்காரு. தொட்டா வைவாரு. இது ஆமை. இல்ல பிஸ்கட், சாமி ஆமை." எண்ணிக்கொண்டே வந்து ஒன்பதில் நின்றாள். கரடிக்குப் பத்து வேண்டுமாம், மறுபடி முதலிலிருந்து. நடுவில் என்னிடம் ஓடி வந்து, "இந்தப் பன்னி ஏன் உருண்டையைத் தூக்கிட்டு நிக்கின்னு பிஸ்கட் கேக்குது" என்றாள். வராக அவதாரக் கதையை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அவளுக்காக இல்லை, கரடிக்காக.

வகுப்பில் வாயே திறக்காத பிள்ளை, திங்கட்கிழமை கரடியை மடியில் வைத்துக்கொண்டு நிறுத்தாமல் பேசியதாம். டீச்சரே சொன்னார்.

நான் வண்ணப் பேனாவில் எழுதிய இரண்டு பக்கத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கென்னவோ அந்த நோட்டே தேவையில்லை என்றுதான் படுகிறது. அது அப்பன் ஆத்தாள்களுக்கு நடக்கிற போட்டி. ஆனால் பொம்மையை ஊருக்கு அனுப்பிக் கதை கேட்பது இந்த ஊரில் வெகுநாளாக நடக்கிறது. ஜெஃப் பிரவுன் என்பவர் 1964-இல், அறிவிப்புப் பலகை மேலே விழுந்து சப்பட்டையாகிப்போன ஸ்டான்லி என்ற பையனைப் பற்றி ஒரு கதைப் புத்தகம் எழுதினார். பையனை உறையில் போட்டுத் தபாலில் ஊருக்கு அனுப்புவார்கள். அதை வைத்து 1990-களில் இதே லண்டனில் டேல் ஹியூபர்ட் என்ற வாத்தியார், பிள்ளைகளைக் காகித ஸ்டான்லி வெட்டச் சொல்லி வெளியூர்ப் பள்ளிகளுக்கு அனுப்ப வைத்தார். போன இடத்தில் என்ன பார்த்தான் என்று எழுதி அனுப்புவார்கள். அது உலகமெல்லாம் பரவிவிட்டது.

ஆனால் தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுத்துத் தான் கற்கிற வித்தைக்கு நாம் கனடா வர வேண்டியதில்லை. நம் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளை வேறென்ன செய்தான்? ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் மெட்ராஸ் எழும்பூரில் அநாதைப் பள்ளியைப் பார்த்துக்கொண்டபோது, நம் பிள்ளைகள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்குக் கொண்டுபோனார். பிள்ளைகளையே பிள்ளைகளுக்கு வாத்தியாராக்கினார். 1797-இல் அசல் லண்டனில் அதைப் புத்தகமாகவும் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். பெல் துரைக்குச் சின்னப் பிள்ளை கிடைத்தது, இவளுக்குக் கரடி கிடைத்தது. கரடியில் ஒரு வசதி, அது எப்போதும் மக்காகவே இருக்கும்.

நீயும் உன் வகுப்பில் செய்து பாரேன். அத்தான் கடையில் வெட்டுத்துணிக்கா பஞ்சம்? ஒரு பொம்மை தைக்கச் சொல். நோட்டு வேண்டாம், போட்டோ வேண்டாம். சனி ஞாயிறு ஒரு வீட்டில் இருந்துவிட்டு வரட்டும், திங்கட்கிழமை பிள்ளை வாயால் சொல்லட்டும். ஆட்டுக்குட்டி பார்த்ததோ, ரேஷன் கடை வரிசையில் நின்றதோ, எதுவானாலும் சரி. ஸ்வெட்டர் பின்ன மட்டும் யாரையும் விடாதே.

பொம்மைக்கு என் பெயரை வைத்துத் தொலைக்காதே. வாரா வாரம் எந்த வீட்டுப் பிள்ளை என்னை எந்தத் தொட்டியில் முக்குமோ!

அத்தானுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உன் தம்பி